'சொல்லியாச்சு' என்றால் ரிப்பேர் ஆகிவிடுமா?

2024-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ந் தேதி. சென்னை அமைந்தகரை. ஓடிக் கொண்டிருந்த மாநகர பஸ்சில் இருக்கைக்கு அடியில் இருந்த பலகை உடைந்தது. அந்த ஓட்டைக்குள் ஒரு பெண் பயணி இறங்கிவிட்டார். மற்ற பயணிகள் போட்ட கூச்சலில் டிரைவர் பிரேக் போட்டார். அந்த அம்மாள் உயிர் தப்பியது பெரிய காரியம்.

அதே வருஷம் ஏப்ரல் மாதம் திருச்சியில் இன்னொரு கூத்து. அரசு பஸ் ஒன்று வளைவில் திரும்பியது. கண்டக்டரின் இருக்கை கழன்றது. இருக்கையோடு கண்டக்டரும் ரோட்டில் வந்து விழுந்தார்!

உடனே உத்தரவு பறந்தது. 48 மணி நேரத்துக்குள் எல்லா அரசு பஸ்களையும் சோதனை செய்ய வேண்டும் என்றார்கள். நல்ல உத்தரவுதான். வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

ஆனால் ஒரு கேள்வி. பலகை ஒரே ராத்திரியில் இற்றுப் போகுமா? போல்ட் ஒரே நாளில் கழன்று விழுமா? எந்த வண்டியாக இருந்தாலும், எந்த மெஷினாக இருந்தாலும், முதலில் லேசாக ஆடும். பிறகு சத்தம் போடும். அதை யாராவது ஒருத்தர் பார்ப்பார். "அண்ணே, இது ஆடுதுண்ணே" என்று இன்னொருத்தரிடம் சொல்வார்.

அந்தப் பேச்சு எங்கே போய்ச் சேருகிறது? அதுதான் கேள்வி!

மூன்று மந்திரங்கள்

பஸ்சை மட்டும் சொல்லிப் பயனில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறைக்குப் போங்கள். எட்டு மாடி ஆபீஸ் கட்டிடத்துக்குப் போங்கள். ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "லிப்ட் வேலை செய்யவில்லை" என்று அட்டை தொங்கும். அந்த அட்டையிலேயே ஒட்டடை தொங்கும்.

விசாரித்தால் மூன்று மந்திரங்களில் ஒன்று பதிலாக வரும்.

"சொல்லியாச்சு சார்."

"ஆள் வரணும் சார்."

"பார்த்துக்கலாம் சார்."

யாரிடம் சொன்னீர்கள்? எந்தத் தேதியில் சொன்னீர்கள்? அவர் என்ன பதில் சொன்னார்? எந்த உதிரிப் பாகம் வர வேண்டும்? ஆர்டர் போட்டாயிற்றா? இந்த ஐந்து கேள்விக்கும் பதில் எழுதி வைத்த ஒரு துண்டுக் காகிதம் பல இடங்களில் கிடையாது.

அந்தக் காகிதத்துக்குப் பெயர்தான் வேலைச் சீட்டு. பாக்டரிக்காரர்கள் ஜாப் கார்டு என்பார்கள், வொர்க் ஆர்டர் என்பார்கள். பெயர் எதுவானாலும் விஷயம் ஒன்றுதான். ஒரு கோளாறு வாயிலிருந்து காகிதத்துக்கு வந்தால்தான் அதற்கு ஒரு சொந்தக்காரர் கிடைப்பார். வாயிலேயே இருக்கும் வரை அது அனாதை.

ஒரு பேரிங் கதை

ஒரு கம்பிரசர் ஓடுகிறது. பேரிங்கில் கிரீஸ் வற்றிவிட்டது. 'கர்ர்' என்று மெல்லிய சத்தம். பகல் ஷிப்ட் தொழிலாளி காதில் விழுகிறது. டீ குடிக்கும்போது சூப்பர்வைசரிடம் சொல்கிறார். சூப்பர்வைசர் சாப்பாட்டு நேரத்தில் பிட்டரிடம் சொல்கிறார். பிட்டர் "சாயங்காலம் பார்க்கிறேன்" என்கிறார். சாயங்காலம் வேறு மெஷினில் பெல்ட் அறுந்து போகிறது. அங்கே ஓடுகிறார். மறுநாள் அவருக்கு லீவு.

மூன்று பேருக்கும் மனச்சாட்சி சுத்தம். மூன்று பேரும் 'சொல்லியாச்சு'.

கொஞ்ச நாளில் பேரிங் உடைகிறது. பேரிங்கோடு ஷாப்டும் தேய்ந்து போகிறது. கம்பிரசர் நின்றால் காற்று இல்லை. காற்று இல்லையென்றால் வரிசையாகப் பத்து மெஷின் நிற்கும். லாரி வாசலில் காத்திருக்கும். ஆர்டர் கொடுத்தவர் போனில் கத்துவார். ஒரு கை கிரீசில் முடிய வேண்டிய வேலை, கடைசியில் பட்டறையையே நிறுத்திவிட்டது.

இதே கதையில் சீட்டு இருந்தால் என்ன நடக்கும்? தொழிலாளி எழுதுவார்: "கம்பிரசர் நம்பர் 2. பின்பக்க பேரிங்கில் சத்தம். காலை 10-30." ஒரு நகல் மெயின்டனன்ஸ் மேஜைக்கு. ஒரு நகல் புத்தகத்திலேயே. பிட்டர் லீவு போட்டாலும் சீட்டு லீவு போடாது. அடுத்த பிட்டர் வந்ததும் மேஜையில் அதுதான் முதலில் கண்ணில் படும்.

இன்னொரு லாபமும் உண்டு. வருஷக் கடைசியில் சீட்டுகளை அடுக்கிப் பார்த்தால், எந்த மெஷின் அடிக்கடி படுக்கிறது என்று தெரிந்துவிடும். மாதம் ஒரு தடவை ஆயில் சீல் போகிறது என்றால் கோளாறு சீலில் இல்லை, வேறு எங்கேயோ இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். பழைய சீட்டு போதும்.

'பெண்டிங்' என்ற பூதம்

வந்த புகார் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க முடியாது. ஆள் குறைவு. பணம் குறைவு. உதிரிப் பாகம் வெளியூரிலிருந்து வர வேண்டும். அதெல்லாம் நியாயம்தான். அதற்காகத்தான் வரிசை போட வேண்டும். உயிருக்கு ஆபத்தானது முதலில். உற்பத்தியை நிறுத்தக் கூடியது அடுத்தது. கதவு கிரீச்சிடுவது, சுவரில் பெயின்ட் உரிவது எல்லாம் கடைசி.

பல இடங்களில் இந்த வரிசை தலைகீழ். மேனேஜர் அறை ஏ.சி. அரை மணியில் ரிப்பேர் ஆகும். மாடிப்படி கைப்பிடி ஆறு மாதம் ஆடிக் கொண்டிருக்கும். யார் சத்தமாகக் கேட்கிறாரோ அவர் வேலை முதலில்!

இதன் கொடூரமான முடிவை இந்த நாடே பார்த்திருக்கிறது. போபால், 1984 டிசம்பர் 2-ந் தேதி நள்ளிரவு. பூச்சி மருந்து தொழிற்சாலையின் தொட்டியிலிருந்து மெதில் ஐசோசயனேட் என்ற விஷ வாயு கிளம்பியது. தூங்கிக் கொண்டிருந்த ஜனங்கள் மூச்சுத் திணறிச் செத்தார்கள். உடனடியாக இறந்தவர்கள் மட்டும் 2,259 பேர் என்பது அரசு முதலில் சொன்ன கணக்கு. அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் செத்தவர்களும் நோயில் விழுந்தவர்களும் தனி.

அந்தத் தொழிற்சாலையில் பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் இல்லை. வாயுத் தொட்டியைக் குளிர்ச்சியாக வைக்க ஓர் ஏற்பாடு இருந்தது. அதைச் சில மாதங்களுக்கு முன்பே நிறுத்தி வைத்திருந்தார்கள். வெளியேறும் வாயுவைக் கழுவி விஷத்தை முறிக்க ஒரு கோபுரம் இருந்தது. அது அந்த நேரம் ஓட்டத்தில் இல்லை. மிஞ்சிய வாயுவை எரித்துவிட உயரமான இன்னொரு கோபுரம் இருந்தது. அதற்குப் போகும் குழாயில் ஒரு துண்டு துருப்பிடித்திருந்தது. கழற்றினார்கள். புதுக் குழாய் மாட்டவில்லை. போதாக்குறைக்கு ராத்திரி ஷிப்டின் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் வேலையையும் சிக்கனம் என்று குறைத்திருந்தார்கள்.

ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் சின்ன விஷயம். 'ஒரு குழாய் மாட்டணும். அடுத்த வாரம் மாட்டலாம்.' மூன்றும் ஒரே சமயத்தில் பெண்டிங்கில் இருக்கிறதே என்று ஒரே பக்கத்தில் எழுதிப் பார்த்திருந்தால், எந்த மேனேஜருக்கும் தூக்கம் வந்திருக்காது.

பெண்டிங் பட்டியல் என்பது பீரோவில் பூட்டி வைக்கும் ரகசியம் இல்லை. எல்லோர் கண்ணிலும் படும்படி சுவரில் தொங்க வேண்டிய எச்சரிக்கை!

ஷிப்ட் மாறும் நேரம்

சீட்டு எழுதிவிட்டால் மட்டும் போதுமா? போதாது. எழுதிய சீட்டு அடுத்த ஆள் கைக்குப் போக வேண்டும். போகாததால் 167 பேர் செத்த கதை ஒன்று உண்டு.

ஸ்காட்லாந்துக்குக் கிழக்கே வடகடலில் எண்ணெயும் வாயுவும் எடுக்கும் மேடை ஒன்று இருந்தது. பெயர் பைப்பர் ஆல்பா. 1988-ஆம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி. அங்கே ஏ, பி என்று இரண்டு பம்புகள். ஏ பம்பைப் பெரிய ரிப்பேருக்காக நிறுத்தியிருந்தார்கள். அதைச் சேர்ந்த பாதுகாப்பு வால்வையும் சோதனைக்காகக் கழற்றியிருந்தார்கள். திறந்து கிடந்த குழாய் வாயில் தற்காலிகமாக ஒரு தகட்டை வைத்து மூடியிருந்தார்கள். வால்வைத் திரும்ப மாட்டுவதற்குள் பகல் ஷிப்ட் முடிந்துவிட்டது.

பம்புக்கு ஒரு சீட்டு. வால்வுக்கு வேறொரு சீட்டு.

ராத்திரி 9-45 மணி வாக்கில் பி பம்பு நின்றுவிட்டது. எவ்வளவோ முயற்சி செய்தும் ஓடவில்லை. ராத்திரி ஷிப்ட்காரர்கள் ஏ பம்பின் சீட்டை எடுத்துப் பார்த்தார்கள். ரிப்பேர் வேலை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. 'அப்போ ஓட்டலாமே' என்று நினைத்தார்கள். வால்வு அங்கே இல்லை என்ற விஷயம் அவர்களுக்குத் தெரியாது. அந்த இன்னொரு சீட்டு அவர்கள் கண்ணில் படவில்லை. பகல் ஆட்கள் வாயாலும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

பம்பைப் போட்டார்கள். தகட்டின் ஓரம் வாயு பீறிட்டது. 10 மணிக்கு முதல் வெடி. மேடையே எரிந்து கடலில் சரிந்தது. 167 பேர் பலி. உயிரோடு திரும்பியவர்கள் 61 பேர்.

கல்லன் பிரபு தலைமையில் விசாரணை நடந்தது. 1990-ல் அறிக்கை வந்தது. 106 பரிந்துரைகள் சொன்னார். ஷிப்ட் மாறும்போது வேலைச் சீட்டு எப்படிக் கைமாற வேண்டும் என்பது அந்த விசாரணையின் முக்கியமான பாடம்.

அங்கே சீட்டு எழுதத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. படித்தவர்கள், அனுபவசாலிகள். சீட்டும் இருந்தது, கையெழுத்தும் இருந்தது. ஒரே மெஷினைப் பற்றிய இரண்டு சீட்டும் பக்கத்தில் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான்.

லைன்மேனிடம் படிக்கலாம்

இதற்கு மருந்து தேடி வெளிநாடு போக வேண்டாம். மின் கம்பத்தில் ஏறும் லைன்மேனைக் கேட்டாலே போதும்.

பேப்பரில் 'நாளை மின்தடை' என்று ஏரியா பெயர்களோடு செய்தி வருகிறது. படிக்கிறவர்கள் முணுமுணுக்கிறார்கள். அந்த மின்தடைக்குப் பின்னால் ஓர் ஒழுங்கு இருக்கிறது. கம்பியில் வேலை செய்கிறவர் முதலில் 'லைன் கிளியர்' வாங்க வேண்டும். சப்-ஸ்டேஷனில் கரன்டை நிறுத்தி, எழுதி, கொடுப்பார்கள். வாங்கியவர் வேலை முடித்து, தன் ஆட்கள் எல்லாரும் இறங்கிவிட்டார்களா என்று பார்த்து, அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் சுவிட்ச் போட வேண்டும். எவ்வளவு பெரிய மனிதர் போன் போட்டாலும் அதற்கு முன்னால் போடக் கூடாது.

இந்த ஒழுங்கு மீறப்பட்ட இடத்தில்தான் சாவு. கம்பியில் ஆள் இருக்கும்போது கரன்ட் வந்தது என்ற செய்தி எத்தனை தடவை வந்திருக்கிறது!

பாக்டரிக்கும் இதே விதிதான். மெஷினுக்குள் கை விடுவதற்கு முன் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட வேண்டும். சாவி வேலை செய்கிறவர் சட்டைப் பையில் இருக்க வேண்டும். 'ஆள் வேலை செய்கிறார், சுவிட்ச் போடாதே' என்று அட்டை தொங்க வேண்டும். கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனால் போதாது. மெஷின் சத்தத்தில் யார் காதில் விழும்?

முடிந்தது என்று சொல்ல வேண்டியவர் யார்?

வேலை செய்தவரே 'முடிந்தது' என்று எழுதிக் கொண்டால் என்ன ஆகும்? குஜராத் மோர்பியைப் பாருங்கள்.

மச்சு நதியில் நூறு வருஷத்துக்கு மேல் பழைய தொங்கு பாலம். ரிப்பேருக்காகப் பல மாதம் மூடினார்கள். 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ந் தேதி திறந்தார்கள். நான்கே நாள். அக்டோபர் 30-ந் தேதி மாலை பாலம் அறுந்து விழுந்தது. 135 பேர் பலி. குழந்தைகளும் சேர்த்தி.

சிறப்புப் புலனாய்வுக் குழு பார்த்தபோது என்ன தெரிந்தது? நடைபாதைப் பலகையைப் புதுசாக மாற்றியிருந்தார்கள். பாலத்தைத் தாங்கும் முக்கிய வடம் ஒன்றில் 49 கம்பிகள். அவற்றில் 22 கம்பிகள் ஏற்கெனவே துருப்பிடித்துப் போயிருந்தன. திறப்பதற்கு முன் எடை வைத்துச் சோதிக்கவும் இல்லை.

கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வேலை நடந்தது. தெரியாத இடம் அப்படியே இருந்தது. 'முடிந்தது' என்று சொல்லத் தனியாக ஒருவர் வேண்டும் என்பது இதனால்தான்.

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அப்போதே எழுதி வைத்தது: லிப்டை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, தகுதி உள்ள ஒருவர் முழுசாகப் பரிசோதிக்க வேண்டும், ரிஜிஸ்தரில் பதிய வேண்டும். பாரம் தூக்கும் மெஷின், சங்கிலி, வடம் என்றால் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. சட்டம் போட்டவர்கள் 'சொல்லியாச்சு' என்ற பதிலை ஒப்புக் கொள்ளவில்லை. ரிஜிஸ்தரைக் காட்டு என்றார்கள்.

சாதாரணக் கட்டிடத்துக்கும் இதை எளிதாகச் செய்யலாம். புகார் கொடுத்தவரே முடிந்தது என்று கையெழுத்துப் போட வேண்டும். குழாய் ஒழுகுகிறது என்று சொன்ன நர்ஸ், 'ஒழுகல் நின்றது' என்று எழுதட்டும். லிப்ட் கதவு இடிக்கிறது என்று சொன்ன வாட்ச்மேன், தானே ஏறி இறங்கிப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும்.

சாக்குப் போக்குகள்

"எழுதிக்கிட்டு உக்காந்தா வேலையை யார் பார்க்கிறது?" என்று கேட்பார்கள். நாலு வரி எழுத இரண்டு நிமிஷம். 'யாருக்குச் சொன்னே? எப்போ சொன்னே?' என்று பிறகு நடக்கும் சண்டைக்கு இரண்டு மணி நேரம். கணக்கு யாருக்கும் தெரியும்.

"இப்பல்லாம் போன்ல குரூப்பில் போட்டுடறோம் சார்" என்பது இன்றைய சாக்கு. குரூப்பில் போட்ட படத்துக்குக் கீழே பத்து 'குட் மார்னிங்' வந்தால் படம் மேலே போய்விடும். அதோடு சரி. கம்ப்யூட்டரில் போட்டாலும் இதே ஆபத்து உண்டு. ரிப்பேர் ஆகாமலே 'முடிந்தது' என்று ஒரு பட்டனைத் தட்டிவிடலாம். காகிதமோ கம்ப்யூட்டரோ, நம்பர் வேண்டும், பெயர் வேண்டும், தேதி வேண்டும், புகார் கொடுத்தவர் சம்மதம் வேண்டும்.

"அதெல்லாம் கான்டிராக்ட் விட்டாச்சு" என்பது மூன்றாவது. வேலையைக் கான்டிராக்ட் விடலாம். பொறுப்பை விட முடியாது. லிப்ட் நடுவில் நின்றால் உள்ளே மாட்டுகிறவர் கான்டிராக்டர் இல்லை.

வெளியில் சொல்லாத சாக்கு ஒன்று இருக்கிறது. அதுதான் பெரிசு. "எழுதினவன் தலையிலேயே விழும் சார். நீ ஏன் எழுதினே, உன்னாலதான் மெஷின் கெட்டுச்சுன்னு திருப்பிப் போடுவாங்க." பல பட்டறைகளில் புகார்ப் புத்தகம் வெள்ளையாக இருப்பதற்குக் காரணம் மெஷின் நன்றாக ஓடுவது இல்லை. எழுதப் பயம்! புகார்ப் புத்தகம் காலியாக இருந்தால் மேனேஜர் சந்தோஷப்படக் கூடாது. சந்தேகப்பட வேண்டும்.

செய்ய வேண்டியது

பெரிய செலவு இல்லை. ஒவ்வொரு மெஷினுக்கும், பம்புக்கும், லிப்டுக்கும் பெயின்டில் ஒரு நம்பர் எழுதுங்கள். பக்கத்தில் நகல் எடுக்கும் சீட்டுப் புத்தகம் தொங்கட்டும். யார் வேண்டுமானாலும் எழுதலாம், கூட்டுகிற அம்மாள் கூட எழுதலாம் என்று இருக்கட்டும். முடியாத வேலைகளின் பட்டியல் தேதியோடு வாசலில் தொங்கட்டும். ஷிப்ட் மாறும்போது போகிறவரும் வருகிறவரும் மெஷின் பக்கத்திலேயே நின்று, சீட்டுகளை வைத்துக் கொண்டு பேசிக் கையெழுத்துப் போடட்டும். எழுதியவரைத் தண்டிக்கக் கூடாது. எழுத வேண்டியதை மறைத்தவரைக் கேட்க வேண்டும்.

அபார்ட்மென்ட் சங்கங்கள், மார்க்கெட் கமிட்டிகள், தொழிற்சங்கங்கள் எல்லாம் இதைக் கேட்டு வாங்கலாம். போனஸ் கேட்கிற வாய், சீட்டுப் புத்தகமும் கேட்கலாம். லிப்ட் சந்தா வசூலிக்கிற கமிட்டி, கடைசியாக எந்தத் தேதியில் பரிசோதனை நடந்தது என்று நோட்டீஸ் போர்டில் எழுதலாம்.

இன்று ராத்திரி ஷிப்ட் மாறும்போது எத்தனை இடங்களில் சீட்டு கைமாறப் போகிறது? எத்தனை இடங்களில் "சொல்லிட்டேன், பார்த்துக்கோ" என்ற பேச்சு மட்டும் கைமாறப் போகிறது? முதலாளிகளும் அதிகாரிகளும் ஒரு தடவை நேரில் போய்ப் பார்ப்பார்களா?